வரைபடத்தில் இல்லாத கான்

மழைநீர் ஹட்டன் நகரில் எங்கே தேங்கும் என்று கணினியில் போட்டுப் பார்த்தேன். செல்வியின் காய்கறிக் கடை இருந்த இடம் சிவப்பாகியது. கடையை அகற்றச் சொல்லி நகரசபைக்கு அறிக்கை எழுதிவிட்டு, அவரிடமும் சொன்னேன்.

"இங்க தண்ணி வராதுங்க சார். மேல தோட்டத்துக் கானு எல்லாத்தையும் ஆத்துக்குக் கொண்டு போயிருது. மழையில வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் கொட்டும் மழையில் மலையேறினேன். தேயிலைச் செடிகளுக்கிடையே வடிகாலாக வெட்டிய கான்களில் தண்ணீர் பக்கவாட்டாக ஆற்றுக்கு ஓடியது. என் வரைபடத்தில் ஒரு கான்கூட இல்லை.

அவற்றைச் சேர்த்ததும் திரையில் சிவப்பு மறைந்தது. அறிக்கையைத் திருத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் செல்வி சிரித்தபடி பிளேன்டீ தந்தார். வெட்கமும் நிம்மதியுமாகக் குடித்தேன்.

தோட்டத்தில் கான் வெட்டித்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார்.