காணாமல்போனவர்களுக்கு வயது கீறியவர்

பேலா அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கீழ்வீட்டில் இருக்கும் ஜமெய்க்காக்காரப் பெண்மணிதான் தொலைபேசியில் அழைத்தார். மேலே சில நாட்களாக நடமாட்டம் இல்லையாம். கவுன்சில் ஆட்கள் வந்து கதவைத் திறந்தபோது நாற்காலியில் இருந்தபடியே போயிருந்தாராம். சுவரில் என் கடையின் எண்ணைத் தவிர வேறு எவருடைய எண்ணும் எழுதியிருக்கவில்லை என்றார். கண்ணாடி கோணலாக வெட்டுப்பட்டுவிட்டது. அதை எறிந்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

லண்டனின் நோர்பரியில் அவரை "ஹங்கேரி அண்ணை" என்றால் மரக்கறிக் கடையில் நிற்பவருக்கும் தெரியும். சாம்பல் நிற நீளக் கோட்டு, பெயிண்ட் ஏறிய நகங்கள், ஆட்களை அளவுக்கு மீறி உற்றுப் பார்க்கும் கெட்ட பழக்கம். அந்தப் பார்வைக்காக 109 பஸ்ஸில் ஒருவர் அவரை அடிக்கப் போனதும் உண்டு. அவர் எதைப் பார்த்தார் என்பது எங்களில் சிலருக்குத்தான் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

ரஷ்ய யுத்தத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த 1956 இலையுதிர் காலத்தில் எல்லை தாண்டி வந்தவர் அவர். பின்னால் வருகிறேன் என்று சொன்ன தம்பி மிக்லோஷ் வரவேயில்லை. தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. பேலா அண்ணை லண்டனில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கையில் தம்பியின் படம் ஒன்றுகூட இல்லை. முகம் மறந்துகொண்டு போகிறது என்ற பயத்தில் பென்சில் வாங்கிப் படம் கீறத் தொடங்கினாராம். ஒருவரிடமும் அவர் படிக்கவில்லை. "பள்ளியில் எல்லா முகத்தையும் கீறச் சொல்லித் தருவார்கள். எனக்கு ஒரு முகம் போதும்" என்பார்.

அடுத்த வருடம் அந்த முகத்தை எடுத்துப் பார்த்தபோது, தம்பிக்கு இப்போது இருபது வயது ஆகியிருக்குமே என்று தோன்றியிருக்கிறது. இன்னொன்று கீறினார். பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒன்று. பஸ்ஸில் தம்பியின் வயதுக்காரரைத் தேடிப் பிடித்து, கழுத்து எப்படித் தொங்குகிறது, காது எப்படி நீளுகிறது என்று பார்ப்பார். அழகான படங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சேற்று நிறம், பெரிய தலை. கை கீற அவருக்குக் கடைசிவரை வரவில்லை, அதனால் எல்லாப் படத்திலும் மிக்லோஷின் கைகள் கோட்டுப் பைக்குள் இருக்கும். ஆனால் அந்த முகம் வருடா வருடம் கிழவனாகிக்கொண்டு வந்தது.

நான் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து படச் சட்டம் போடும் கடை திறந்த நாளிலிருந்து, மிஞ்சிய பலகைத் துண்டுகளை வாங்கிப்போக அவர் வருவார். அப்படி அவர் நின்றுகொண்டிருந்த ஒருநாள் பரமேஸ்வரி அக்கா ஒரு சின்ன அடையாள அட்டைப் படத்தோடு உள்ளே வந்தார். அவருடைய மகன் குகனை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு முன்னால் வைத்து இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய் அப்போது ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. இறந்தவர் படம் என்றால் மாலைக்கு ஆணியும் விளக்குக்குத் தட்டும் வைத்துச் செய்வது என் வழக்கம். ஆகவே வழமைபோலக் கேட்டுவிட்டேன்.

"இருக்கிறவரோ அக்கா, இல்லாதவரோ?"

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.

பேலா அண்ணை அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் படித்தவர், அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. இருவரும் கடை வாசலில் நின்று நெடுநேரம் பேசினார்கள். அடுத்த தைமாதம், குகனின் பிறந்தநாளுக்கு, முதல் படம் வந்தது.

குகனுக்கு வயது ஏற்ற, வட லண்டன் எட்மண்டனில் இருந்த தாய்மாமனை மாதிரியாக எடுத்தார்கள். அந்த மனிதர் கடைக்கே வந்து, "என்ரை வழுக்கையை ஏன் பொடியனுக்குக் குடுக்கிறியள்?" என்று சண்டை பிடித்தார். நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். மயிர் இவ்வளவு கொட்டியிராது, கன்னம் கொஞ்சம் கூட இருக்கும் என்று அக்காவும் தன் பங்குக்குப் பேரம் பேசுவார். பேலா அண்ணை விட்டுக்கொடுக்கமாட்டார்.

நாலாவதோ ஐந்தாவதோ வருடப் படம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. குகனுக்குக் கன்னமே இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. "உயிரோடு இருந்தால் சிறையில்தான் இருப்பான். சிறையில் இத்தனை வருடம் இருந்தவன் இப்படித்தான் இருப்பான்" என்றார் பேலா அண்ணை. அக்கா என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். பிறகு படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை அவருடைய மகள் சுகந்தி கடைக்கு வந்து கொதித்தாள். "அந்தக் கிழவனை நிப்பாட்டச் சொல்லுங்கோ அண்ணை. அம்மா செத்தவனெண்டு அந்தியேட்டியும் செய்யேலாமல், அழுது முடிக்கவும் ஏலாமல் கிடக்கிறா. வருசத்துக்கு ஒருக்கா அண்ணாவை வளத்து வளத்துக் குடுக்கிறார்." அவள் சொன்னதில் பிழை இல்லை.

போன வருடம்தான் நான் அவரிடம் கேட்டேன். இப்போது ஹங்கேரிக்கு யாரும் போய் வரலாமே, தம்பியைத் தேடவில்லையா என்று. பலகையைச் சீவிக்கொண்டே, "போய் வந்தேன். ஆட்சி மாறியவுடனேயே போனேன். அவன் அந்த இலையுதிர் காலத்திலேயே சுடப்பட்டுவிட்டான். புதைத்த இடத்தையும் காட்டினார்கள்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. செத்தவன் என்று தெரிந்தும் பதினைந்து வருடத்துக்கும் மேலாக அவனுக்கு வயது ஏற்றிக்கொண்டிருந்தீர்களா, இது தெரியாமல் அந்த அக்கா உங்களை நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "அங்கே போனபோது அவனுக்கு ஐம்பதுக்கு மேல். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தவனை நான் எப்படி விடுவது?" என்று மட்டும் கேட்டார்.

தகனத்தைக் கவுன்சில் செலவில் செய்தார்கள். கீழ்வீட்டுப் பெண்மணியும் நானும் அக்காவும்தான் உள்ளே இருந்தோம். சுகந்தி வெளியே காரில் இருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அக்காவை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, இதற்கு மேலும் மறைக்கக்கூடாது என்று தோன்றியது.

"அக்கா, அவரின்ரை தம்பி அந்த வருசமே செத்துப்போனவர். அது அவருக்குத் தெரியும்."

"ஓம். உங்கடை கடை வாசல்லை வைச்சு முதல் நாளே எனக்குச் சொன்னவர்."

வானை ஓரமாக நிறுத்திவிட்டேன். "பிறகேன் அவரிட்டைக் கீறக் குடுத்தனீங்கள்?"

"நம்பிக்கையோடை கீறுற ஆள் எண்டால் ஒருநாளைக்கு நம்பிக்கை விட்டுப்போய் நிப்பாட்டிப்போடுவர் தம்பி. இவர், தம்பி செத்தது தெரிஞ்சும் கீறிக்கொண்டிருந்தவர். இவர் விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்."

கிங்ஸ்பரியில் முகம் கீறுகிற ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்ப்போமா என்றேன். அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார். "குகன் இப்ப எப்பிடி இருப்பான் எண்டு பேலாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாது." வண்டியை மறுபடி எடுத்தபோது, "என்ரை பிள்ளை இண்டைக்குத்தான் செத்தவன்" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே போகாமல், தோய்ந்து குளிப்பதற்குத் துவாயை வெளியே கொண்டுவரச் சொல்லி, வீட்டிலிருந்த பேரப்பிள்ளையைக் கூப்பிட்டார். அம்மா செத்தவீட்டுத் துடக்குக் காக்கிறா, முப்பத்தோராம் நாள் முடியும்வரை கோயிலுக்கு வரமாட்டாவாம் என்று பிறகு சுகந்தி சொன்னாள். யாருடைய துடக்கு என்று நான் கேட்கவில்லை.

பேலா அண்ணையின் படங்களில் பெரும்பாலானவை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப்போயிருந்தன. கவுன்சில் லொறி ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் என்னால் காப்பாற்ற முடிந்தது ஒன்றைத்தான், கடைசி மிக்லோஷை. வயது எழுபத்தொன்று. வீட்டில் வைக்க மனைவி ஒத்துக்கொள்ளாததால் கடையில் மாட்டியிருக்கிறேன். யார் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். தெரிந்தவர் என்கிறேன். மிக்லோஷைச் சின்ன வயதில் கண்ட ஒருவரும், எனக்குத் தெரிய, இனி இல்லை. என் கையில் இருப்பது சட்டம் போடும் வேலை மட்டும்தான், எனக்குக் கீற வராது. இலையுதிர் காலம் வந்து, மரங்களில் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. மிக்லோஷ் இந்த வருடமும் எழுபத்தொன்றிலேயே நிற்கிறார்.