எந்தச் சபையில் கேட்பது?

1. முதல் மனு

தென்காசியில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல், தேர்தலில் ஜெயித்துச் சென்னைச் சட்டசபை மெம்பர் ஆனார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பகலில் கோர்ட்டு கேஸ் கட்டு, மாலையில் தொகுதிக்காரர்களின் மனு. வாய்க்கால் மதகு, ரோட்டுப் பள்ளம், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாத்தியார் என்று எல்லாம் வரும். எந்த டிபார்ட்மெண்டுக்குப் போக வேண்டியது என்று குறித்து ஐயாவிடம் கொடுக்க வேண்டும்.

முதலில் வந்தவர் மாடத்தி ஆச்சி. கீழப்பாவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், இப்படிச் சிலருக்குத்தான். ஆச்சிக்கு நிலமும் இல்லை, எழுத்தும் தெரியாது. ஆனால் இறந்துபோன சிப்பாயின் தாய் என்று பென்ஷன் வாங்குகிறவருக்கு ஓட்டு உண்டு என்று புதுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஆச்சியின் மகன் சுடலைமுத்து, முதல் உலக யுத்தத்தில் கடல் கடந்து ஈராக்கில் பஸ்ராப் பக்கம் போய் இறந்தவன். அந்தத் தெருவில் ஓட்டுப் போட்ட ஒரே ஆள் ஆச்சிதான்.

"ஓட்டுக் கேட்டு வந்தப்பவே உங்க ஐயாட்ட சொன்னேன், தம்பி," என்றார். "எம் மவன் எங்கன கெடக்கான்னு கேட்டுச் சொல்லணும். ஐயாவும் சரின்னு சொன்னாவ."

"செய்தி வந்தப்போ ஒண்ணும் சொல்லலையா, ஆச்சி?"

"செத்துட்டான்னு சொன்னாவ. எரிச்சாவளா பொதைச்சாவளா, அதுகூடத் தெரியாது. வருசா வருசம் அவனுக்குப் படையல் போடுதேன். எந்தத் தெசையப் பாத்துக் கும்பிடன்னு தெரியாம நிக்கேன்."

வக்கீல் ஐயா நான் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓட்டுக் கேக்கிற வேகத்துல சரின்னுட்டேன். பட்டாள விஷயம் மாகாணத்துல சேராது. சென்னையில நான் எழுந்து நின்னா உட்காரச் சொல்லிருவாங்க. டெல்லி சபையிலதான் கேக்கணும்."

டெல்லி சபைக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூன்று ஜில்லாவும் சேர்ந்து ஒரே தொகுதி. அதில் ஓட்டுப் போட இன்னும் கூடுதலாக வரி கட்டியிருக்க வேண்டும். ஆச்சிக்கு அங்கே ஓட்டு இல்லை.

இதை அவரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர், "மவனப் பறிகொடுத்ததுக்குக் குடுத்த ஓட்டு, மவனப் பத்திக் கேக்க ஆவாதா?" என்றார். நான் சட்டத்தை மறுபடியும் விளக்கினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

2. குற்றால பங்களா

டெல்லி மெம்பர் ஒவ்வொரு வருஷமும் சாரல் பருவத்தில் குற்றாலம் வந்து ஒரு பங்களாவில் தங்குவார். அந்த வருஷம் வந்ததும், ஆச்சியை வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் வக்கீல் ஐயா.

பங்களா வாசலில் காண்டிராக்டர்களும் மிராசுதார்களும் நின்றார்கள். மெம்பருடைய ஏஜெண்ட் என்னிடம் வந்து, "இந்தம்மா நம்ம ஓட்டரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்னே எதுக்கு இங்க?"

அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த மெம்பர் காதில் அது விழுந்தது. ஏஜெண்டைப் போகச் சொல்லிவிட்டு ஆச்சியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆச்சி உட்காரவில்லை.

"பையன் பேரென்னம்மா?"

"சுடலமுத்து. கறுப்பா, ஒசரமா இருப்பான். இடது காதுல மாடு முட்டுன தழும்பு இருக்கும். வலது கையில வேல் பச்ச குத்தியிருக்கான். சிரிச்சா ஒரு பக்கம் குழி விழும்..."

காணாமல் போனவனைத் தேடப் போகிறவரிடம் சொல்வது மாதிரி ஆச்சி அடையாளம் சொல்லிக்கொண்டே போனார். நான் தடுக்கப் பார்த்தேன். மெம்பர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஆச்சி முடித்த பிறகு, "கேக்கிறேன். பதில் என்ன வந்தாலும் நானே வந்து சொல்றேன்," என்றார்.

3. வந்த பதில்

அடுத்த வருஷச் சாரலில் டெல்லி மெம்பர் வந்தார். சொன்னபடியே ஆச்சியின் ஊருக்குக் காரில் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தெருவுக்குள் கார் போகவில்லை, சேற்றில் இறங்கி நடந்தார்.

"அம்மா, உங்க மகன் காய்ச்சல்ல இறந்திருக்கான். பட்டாள ஆஸ்பத்திரியில. அந்தச் சமயம் நிறையப் பேர் செத்திருக்காங்க. எல்லாரையும் சேத்து எரிச்சிருக்காங்க. எந்த இடம்னு தெரியலை."

"கல்லு கில்லு நட்டிருக்காவளா?"

"ஒரு பெரிய சுவர் கட்டியிருக்காங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பேரெல்லாம் அதுல வெட்டியிருக்கு. நம்ம சிப்பாய்ங்களுக்குப் பட்டாளத்தோட பேரும், எத்தனை பேருங்கிற கணக்கும்தான்."

"அப்பம் எம் மவன் பேரு?"

"இல்லம்மா."

ஆச்சி சத்தம் போடவில்லை. "ஓட்டு எழுத வந்தவரு எம் பேரக் கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் பேரக் கேட்டாரு. செத்தவன் பேரையும் கேட்டாரு. செத்த எடத்துல அவன் பேர எழுத ஒருத்தருக்கும் மனசு வரலியா, அய்யா?"

மெம்பர் எழுந்து முற்றத்துக்கு வந்து, மேகம் மூடிக் கிடந்த மலையின் வடகோடிக்கு நேராகக் கையை நீட்டினார். "அந்தத் தெசைம்மா. கடலுக்கு அந்தப் பக்கம்."

ஆச்சி அங்கே திரும்பி நின்று கும்பிட்டார். தூறலில் நனைந்துகொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

பின்னால் பல மெம்பர்களிடம் வேலை பார்த்தேன். கெட்ட பதிலை ஒரு கார்டில் எழுதிப் போடச் சொன்னவர்களே அதிகம்.

4. ஆள் எடுத்தபோது

அடுத்த யுத்தம் வந்தது. சென்னையில் மந்திரிசபை ராஜினாமா செய்து, சபையும் கூடாமல் போயிற்று. வக்கீல் ஐயா கோர்ட்டோடு நின்றுகொண்டார். ஜனங்கள் மனுவோடு வருவதும் நின்றது.

தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆலங்குளம், வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்தெல்லாம் இளவட்டங்கள் வந்து வரிசையில் நின்றார்கள். கோர்ட்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன். மாடத்தி ஆச்சி அந்த வரிசையை ஒட்டி நடந்துகொண்டிருந்தார்.

"ஏலே, உம் பேரென்ன?"

"கருப்பசாமி."

"யாரு மவன்?"

அவன் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போவார். முதலில் பையன்கள் சிரித்தார்கள். ஹவில்தார் வந்து, "ஏ கெழவி, இங்கன என்ன செய்யுத? அந்தால போ," என்று விரட்டினார். ஆச்சி ஒதுங்கப் போனபோது, வரிசையின் கடைசியிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்:

"ஆச்சி, என்னைக் கேக்காமப் போறீயளே!"

அவன் பேரையும் கேட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வரிசையில் நின்ற சிலர் திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மார் பின்னாட்களில் என்னைத் தேடி வந்தார்கள். அப்போது ஆச்சி உயிரோடு இல்லை. எந்தச் சபை, எந்த டிபார்ட்மெண்ட் என்று நான் பேச்செடுக்கவில்லை. உட்காரவைத்து, "பையன் பேரென்ன?" என்று கேட்டேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை. இந்த வேலைக்கு இனி வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை.