கவிழ்ந்த மரத்துக்கு ஐந்து சுற்று

ஆறாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, வளர்ந்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் நர்ஸ், டீச்சர், நர்ஸ், டெலிபோன் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது எழுந்து, "ஆட்டம் செய்வேன் டீச்சர்" என்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டான்ஸா? உனக்கா?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சொன்னது அந்த ஆட்டம் இல்லை என்று விளக்குவதற்குள் எனக்கு அடுத்தவள் எழுந்து நர்ஸ் என்று சொல்லிவிட்டாள்.

நான் சொன்னது, உட்கார்ந்து விளையாடுகிற ஆட்டம். தாயமும் பரமபதமும் எல்லார் வீட்டிலும் இருந்தன. இரண்டின் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. பரமபதத்தில் பாம்பு கொத்தினால் இறங்க வேண்டும், ஏணி வந்தால் ஏற வேண்டும். நடுவில் நமக்கு என்ன வேலை? புளியங்கொட்டையை உருட்டிப் போடுகிற வேலை மட்டும்தான். அதை ஒரு காக்காய்கூடச் செய்துவிடும். யோசித்து ஆடுகிற மாதிரி, பயந்து ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அதற்கு நேரம் வாய்த்தது ஒரு கார்த்திகை மாதத்தில். திருவொற்றியூர்க் கரையில் எங்கள் குப்பம். மழையும் காற்றுமாகக் கடல் பொங்கியதால் வாரக்கணக்கில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ஆண்கள் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டும், தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டும் இருந்தார்கள். அந்தக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், ஒரு மூலையில், கரித்துண்டால் நான் கடலை வரைந்தேன்.

பன்னிரண்டு வரிசைக் கட்டங்கள். ஒரு முனையில் கரை, மறுமுனையில் ஆழக்கடல். எரிந்த தீக்குச்சிகளில் மூன்றை வலை நூலால் கட்டினால் ஒரு கட்டுமரம். எங்கள் பக்கத்தில் அதை வெறும் மரம் என்றுதான் சொல்வோம். கிளிஞ்சல்கள்தான் மீன். ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நாலு புளியங்கொட்டைகளை உருட்டி, எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். கரையோரம் வலை போட்டால் ஒரு கிளிஞ்சல், ஆழத்தில் போட்டால் நாலு. ஆனால் ஆழத்தில் இருக்கும்போது நாலு கொட்டையும் கறுப்பாக விழுந்தால் மரம் கவிழ்ந்தது. மீனும் போச்சு, ஆள் ஆட்டத்தை விட்டு அவுட்டு. மீன் தீர்ந்ததும் எல்லாரும் கரைக்குத் திரும்பி எண்ண வேண்டும். அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

முதல் நாளே என் அண்ணன் அதைக் கெடுத்தான். ஆழத்துக்கே போகாமல் கரையோரம் ஒரே கட்டத்தில் குந்திக்கொண்டு ஒன்று ஒன்றாகப் பொறுக்கினான். பயமும் இல்லை, அவசரமும் இல்லை. அவன்தான் ஜெயித்தான். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மறுநாள், ஒருமுறை வலை போட்ட கட்டத்தில் மறுபடி மீன் கிடையாது என்று சட்டம் போட்டேன். "உன் இஷ்டத்துக்கு மாத்திகினே இருப்பியா நீ?" என்று கத்தினான். கத்திக்கொண்டே ஆழத்துக்குப் போனான். அன்று யாரும் கொட்டாவி விடவில்லை.

மூன்றாம் நாள் கன்னியம்மா ஆட வந்தாள். பக்கத்து வீடு, என் வகுப்பு. முந்தின வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பவில்லை. என் நைனாவும் மற்றவர்களும் மரங்களில் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நன்றாகத்தான் ஆடினாள். ஆழத்துக்குப் போய் இரண்டு முறை வலை போட்டாள். மூன்றாம் முறை நாலு கொட்டையும் கறுப்பாக விழுந்தன. அண்ணன் குஷியில் தொடையைத் தட்டிக்கொண்டு, "போச்சு! செத்தான்! எட்து வெளிய போடு!" என்றான்.

அவன் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வான். கன்னியம்மா தன் தீக்குச்சி மரத்தை அவளே எடுத்து, கட்டத்துக்கு வெளியே வைத்து, பாவாடையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அண்ணனைத் திட்டிவிட்டு அத்தோடு விட்டிருப்பேன். திட்டவும் முடியவில்லை. அவுட்டு என்ற சட்டம் நான் போட்டது.

அன்று சாயங்காலம் அதை மாற்றினேன். கவிழ்ந்த மரம் ஐந்து சுற்று மிதக்கும். அதற்குள் வேறொருவர் அதே கட்டத்துக்கு வந்து ஆளை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மீனும் ஆளும் ஒரே மரத்தில் தாங்காது. ஏற்றுகிறவர் தன் மீனையெல்லாம் கடலில் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒருவரும் ஏற்றவில்லை. "நா இன்னாத்துக்கு எம் மீனக் கொட்டணும்? பைத்தியமா எனக்கு?" என்றான் அண்ணன். அவன் கேட்டதில் தப்பில்லை.

சரி, ஏற்றுகிறவருக்கு ஐந்து கிளிஞ்சல் பரிசு, அது கரையில் தனியாகச் சேரும் என்றேன். அதற்கு மறுநாள் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அண்ணனுடைய தோஸ்து வலையே போடாமல் ஆழக்கடலில் நின்றுகொண்டு, கவிழ்கிறவரைக்கும் கொட்டையை உருட்டினான். அண்ணன் பக்கத்துக் கட்டத்தில் காத்திருந்து அவனை ஏற்றி, ஐந்து கிளிஞ்சல் வாங்கினான். அப்பால் இவன் கவிழ, அவன் ஏற்றினான். கடலில் மீன் அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் காப்பாற்றியே பெரிய ஆள் ஆனார்கள். பரிசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதைப் பிடுங்கினேன். ஆனால் பதிலுக்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வாரம் ஒருநாள் காற்று கொஞ்சம் அடங்கியது. நாலு மரங்கள் துணிந்து போயின. விடிந்து மூன்று திரும்பின. மீன் கொட்டகையில் குவிந்தது, வாங்குகிற பெண்கள் கூடையோடு நின்றார்கள். ஏலம் விடுகிற பெரியவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெற்றிலையை மென்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சங்கு ஊதிற்று, மீன் மேல் ஈ மொய்த்தது, ஒருத்தரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நாலாவது மரம் கரையில் முட்டிய பிறகுதான் தொண்டையைக் கனைத்து முதல் விலை சொன்னார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கரித்துண்டை எடுத்தேன். புதுச் சட்டம்: ஒரு மரம் திரும்பாவிட்டாலும் கரையில் எண்ணிக்கை கிடையாது. யாருக்கும் ஜெயம் இல்லை. எல்லாரும் தோற்றார்கள்.

அதைச் சொல்லக் கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான். "கவுந்தா எடுப்பாங்களா?"

"எட்தே ஆவணும். இல்லாங்காட்டி ஒருத்தருக்கும் கெலிப்பு கெடையாது."

உள்ளே கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிராமலே, "போடி, போய் ஆடு" என்றாள்.

ஆட்டம் பற்றிக்கொண்டது. யார் கொட்டுவது, யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஐந்து சுற்று கரைவதைப் பார்க்க, வலை பொத்துகிறவர்களும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். பத்து நாளைக்குள் குப்பத்தில் ஏழெட்டு இடத்தில் கரிக்கடல் முளைத்தது. அம்மா துடைப்பத்தோடு திட்டிக்கொண்டே எங்கள் வீட்டுக் கடலைச் சுற்றிப் பெருக்கினாள்.

அப்போதுதான் முகத்துவாரக்குப்பத்திலிருந்து அத்தையின் இரண்டு மகன்கள் வந்தார்கள். ஆற்றுவாயில் வளர்ந்தவர்கள், வாய் அதிகம். இரண்டு நாள் ஆடிப் பழகிவிட்டு, "உங்க குப்பமா எங்க குப்பமா பாத்துருவோம்" என்றார்கள். கட்சிக்கு இரண்டு மரம். எங்கள் பக்கம் அண்ணனும் கன்னியம்மாவும். ஆட்டத்தைச் செய்தவள் ஆடக் கூடாது என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். சட்டம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் நிற்க இடமில்லை. மழை என்பதால் குப்பமே அங்கே இருந்தது. நைனாவும் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். ஆட்டம் இறுகிக்கொண்டே போயிற்று. கடலில் மீன் தீர்ந்தது. அண்ணன் நிறைய மீனோடு கரையேறிவிட்டான். கன்னியம்மா பெரிய சுமையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். கரைக்கு மூன்றே கட்டம். அப்போது, எல்லாருக்கும் பின்னால் ஆழத்தில் இருந்த பெரிய அத்தை மகன் உருட்டினான். நாலும் கறுப்பு.

அவனுக்குப் பக்கத்தில் இருந்தது அவன் தம்பிதான். தம்பியின் மரமும் நிறைந்திருந்தது. "நீ கொட்றா" என்றான் கவிழ்ந்தவன். "அவுங்க கொட்டட்டும், நாம கெலிக்கலாம்" என்று தம்பி கரைப்பக்கம் நகர்ந்தான். ஒரு சுற்று போயிற்று. கூட்டம் ஆளுக்கொன்று கத்தியது. இன்னொரு சுற்று. தம்பி மசியவில்லை. கன்னியம்மா உருட்டாமல் நின்ற கட்டத்திலேயே இருந்தாள்.

கன்னியம்மா பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் கிளிஞ்சல்களை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் கொட்டகை அடங்கிவிட்டது. "அடியேய், எதிராளிடி அவன்!" என்று என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் காதில் வாங்காமல் மரத்தைத் திருப்பினாள்.

மூன்றாம் சுற்றில் நாலு கட்டம். நாலாம் சுற்றில் ஒன்றே ஒன்று. கடைசிச் சுற்று. அவளுக்கும் அவனுக்கும் நடுவே சரியாக மூன்று கட்டம். மூன்று விழ வேண்டும். நாலு விழுந்தால் தாண்டிப் போய்விடுவாள், எல்லாம் கறுப்பானால் அவளும் கவிழ்வாள். கொட்டைகளை உள்ளங்கைக்குள் குலுக்கினாள். பெரிய அத்தை மகன் மண்டியிட்டு, ஆட்டம் என்பதையே மறந்து, "வா கண்ணு, வா வா" என்று கெஞ்சினான்.

வெள்ளை. வெள்ளை. கறுப்பு. நாலாவது கொட்டை ஓரத்தில் நின்று சுழன்று, வெள்ளையாகப் படுத்தது.

அந்தக் கூச்சல் எர்ணாவூர்வரை கேட்டிருக்கும். யாரோ விசில் அடித்தார்கள். வயசானவர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு குதித்தார்கள். பெரிய அத்தை மகன் கன்னியம்மாவின் தீக்குச்சி மரத்தை உள்ளங்கையில் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். அவள் வாய் திறந்து சிரித்தாள். முந்தின வருஷ ஐப்பசிக்குப் பிறகு அவள் பல்லை நான் பார்த்தது அன்றுதான். எல்லா மரமும் கரை சேர்ந்ததும் எண்ணினோம். அண்ணனிடம் இருந்ததை வைத்தே இரண்டு கிளிஞ்சல் வித்தியாசத்தில் எங்கள் குப்பம் ஜெயித்தது. ஏலக்காரப் பெரியவர் தன் கனத்த குரலில் அதை மூன்று தரம் அறிவித்தார். "இத்த யாரு பண்ணது?" என்று அவர் கேட்க, பத்துக் கைகள் என்னைக் காட்டின. டீச்சர் அங்கே இல்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

கூட்டம் கலைந்த பிறகு நைனா என்னருகில் வந்து குந்தினார். கரிக்கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னிடம் அவர் எதையும் கேட்டு வாங்குகிறவர் இல்லை. அன்று குரல் தாழ்ந்திருந்தது.

"கவுந்த மரத்துக்கு அஞ்சு சுத்துதானா?"

"ஆமா நைனா."

"இன்னும் ரெண்டு கூட்டிக் குட்தா இன்னா?"

"அப்டி குட்தா எல்லாரும் மெத்தனமா குந்திகினு இருப்பாங்க. ஆட்டத்துல சூடே இருக்காது. அஞ்சுதான்."

"ஒண்ணாவது?"

"முடியாது நைனா. அதான் சட்டம்."

விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி. உன் ஆட்டம்" என்று எழுந்து, மழையில் நனைந்தபடி கரைப்பக்கம் நடந்தார்.

கன்னியம்மாவின் அப்பாவைத் தேடிப் போனவர்களில், போதும், திரும்பலாம் என்ற வார்த்தையை யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்ததும், அதைச் சொன்னவர் என் நைனா என்பதும், அவர் காலமான பிறகுதான் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் குப்பம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னது வேறு. என் ஆட்டத்தின் சட்டத்தை நைனாவால்கூட மாற்ற முடியவில்லை என்று.