முகாம் வாசலில் இறங்கியவர்

அந்தச் சைக்கிளுக்கு மணி இல்லை, பிரேக்கும் ஒன்றுதான். மேற்கு பேர்லினில், அகதி விடுதிக்குப் பின்னால் யாரோ எறிந்துவிட்டுப் போனதை அண்ணை எடுத்துத் திருத்தினார். அவர் மிதிப்பார், நான் கரியரில் இருப்பேன். கூடப்பிறந்தவர் அல்ல, விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்.

உலகப் போர் முடிந்து நாற்பது வருடமாகியும் அந்த நகரம் பங்குபோட்டபடியே கிடந்தது. கிழக்கில் ரஷ்யப் படை. எங்கள் பக்கத்தில் அமெரிக்கன், பிரித்தானியன், பிரெஞ்சுக்காரன். நாங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போகும் வழியில் பிரெஞ்சுக்காரர் முகாம் இருந்தது. அதன் வாசலுக்குச் சற்று முன்பே அண்ணை இறங்கிவிடுவார், என்னையும் இறக்குவார். தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பார். அப்பால் போய்த்தான் ஏறுவார். யாழ்ப்பாணத்தில் இராணுவக் காவலரணுக்கு, சென்றிக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான். சிப்பாய் ஏதும் கேட்டால் ‘சேர்’ போட்டுத்தான் பதில். பேர்லினில் அப்படி யாருமே இறங்குவதில்லை. காவலுக்கு நின்ற பொடியன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, ஒருநாள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். நான் வயிறு நோகச் சிரித்தேன். விடுதி முழுக்கச் சொல்லி நக்கலடித்தேன். அண்ணை கோபிக்கவில்லை.

“என்ரை தம்பி இறங்கேல்லை,” என்றார்.

சென்றியில் இறங்காமல் போன அந்தத் தம்பியைச் சுட்டார்கள் என்று பிறகு வேறொருவர் சொன்னார். அதன் பின் நானும் அண்ணை சொல்லாமலே இறங்கினேன்.

இப்போது இருவரும் கனடாவில். அவர் டோர்செட் பார்க்கில் தனியே இருக்கிறார். எழுபது தாண்டியும் சைக்கிளை விடவில்லை. ஞாயிறு மத்தியானம் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. டிரைவ்வேயில் மிதித்தபடியே ஏறிக் கராஜுக்குள் போய்த்தான் நிற்பார். என் மகனுக்குச் சைக்கிள் பழக்கியதும் அவர்தான்.

அந்த மகன் கனடா இராணுவத்தில் சேர்ந்து, ஐரோப்பாவில் ஒரு நாட்டு முகாமுக்குப் போகிறான். நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. அவனும் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெரியப்பா சந்தோசமாக அனுப்பிவைத்தால் போதும் என்றான். போகுமுன் வந்த கடைசி ஞாயிறு, அவருக்குக் காட்டவென்று சீருடை போட்டுக்கொண்டு டிரைவ்வே முகப்பில் போய் நின்றான்.

அண்ணை தெருவுக்குள் திரும்பினார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் இறங்கினார். தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“பெரியப்பா, ரயரிலை காத்துப் போயிட்டுதா?” என்று மகன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“இல்லை, சேர்,” என்றார் அண்ணை, நிமிராமல்.

உருட்டியபடியே எங்கள் வீட்டையும் கடந்தார். அப்பால் போய்த்தான் ஏறினார்.