நான் திரித்த கயிறு

1. பட்டறையில் நைலான்

பட்டு நூல் முறுக்குகிற மிஷினில் நைலான் நூலை ஏற்றிய முதல் நாள், பட்டறை முதலாளி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நூல் மெட்ராஸிலிருந்து புதுசாக வந்தது, தண்ணீரையே பார்த்ததில்லை. ஆனாலும் எங்களைப் பார்த்தாலே அவருக்கு மீன் வாடை அடிக்கும்.

"பட்டு ஓடற மிஷின்ல மீன் வலையா ஏழுமலை? கல்யாணப் பொண்ணுங்க கட்டற பொடவைய்யா."

"ஆடி மாசம் பாதி மிஷின் சும்மாத்தான தூங்கிகினு இருக்குது முதலாளி? வாடகை குடுத்துடறேன். நாத்தம் வந்தா சொல்லுங்க, நானே கழுவி வுடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆரணியே பட்டை நம்பிப் பிழைத்த அந்த எழுபதுகளில், நாங்கள் ஏரியை நம்பிப் பிழைத்த குடும்பம். தேவிகாபுரம் வரைக்கும் ஏரி ஏரியாகப் போய் மீன் பிடிப்போம், கேட்டவர்களுக்கு வீச்சு வலை கட்டித் தருவோம். பஞ்சு நூல் வலை சீக்கிரம் இற்றுப்போகும். பட்டு நூலை முறுக்குவதுபோல நைலானை முறுக்கினால் என்ன என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. தோன்றியதைச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவர். மிஷினில் முறுக்கி வந்த இழைகளை வாசலில் உட்கார்ந்து நான் கயிறாகத் திரிப்பேன். அதை இழுத்து அறுக்கப் பார்த்தவர்களுக்கெல்லாம் உள்ளங்கைதான் கிழிந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

2. முதல் வீச்சு

வலை யாருக்குப் போனாலும், முதல் வீச்சைக் கட்டியவரே வீச வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமி சமாச்சாரம் ஒன்றுமில்லை. வலை விழுகிற வட்டம் கோணினால், எந்தப் பக்கம் ஈயக்குண்டு கூட்டுவது என்று கட்டியவருக்குத்தான் தெரியும். வீசும்போது வலைக்கயிற்றின் நுனியை இடது மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொள்வோம். வலை சேற்றில் மாட்டினால், கயிற்றைப் பிடித்தபடி இறங்கி எடுத்துவிடலாம். ஏரியில் இடுப்பளவு தண்ணீர்தானே.

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் வலையைக் கேள்விப்பட்டு, கொண்டுவந்து வீசிக் காட்டு, நன்றாயிருந்தால் குப்பத்துக்கே வாங்குகிறோம் என்று சொல்லி அனுப்பினார். அது மட்டும் அமைந்தால் வருஷம் முழுக்க வேலை, சொந்த மிஷின், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பி கன்னியப்பனும் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

மற்றது கன்னியப்பன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டுமரத்தில் ஏறியதும் பெரியவர் இவரை எச்சரித்திருக்கிறார்.

"தம்பி, கயித்த கையில கட்டாத. சும்மா சுத்திப் புடிச்சிக்க. எங்கனா மாட்டுனா வுட்டுடணும்."

"வுட்டா வலை பூடுமே பெரியவரே. எனக்குக் கட்டியே பழக்கம்" என்றாராம் இவர், சிரித்துக்கொண்டே.

வலை வட்டம் கோணாமல் விழுந்ததாம். விழுந்த இடத்தில் அடியில் பாறை. வலை அதில் மாட்டிய நேரம் ஒரு அலை வந்து கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனது. கயிறு அவரை உள்ளே இழுத்துவிட்டது. பெரியவரும் கன்னியப்பனும் உடனே குதித்தார்கள். கத்தி கிடைத்துக் கயிற்றை வெட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. பஞ்சுக் கயிறாய் இருந்தால் அந்த இழுப்பிலேயே அறுந்து, மனுஷன் மேலே வந்திருப்பார்.

3. ஆர்டர்

காரியம் முடிந்த பிறகு பெரியவர் ஆரணிக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"எப்டிக் கேக்கறதுன்னு தெரில தாயி. குப்பத்துல அல்லாரும் அந்தக் கயித்தத்தான் கேக்கறாங்க."

கன்னியப்பன் பாய்ந்து வந்தான். "எங்க அண்ணன முழுங்குன கயிறுய்யா அது. எழுந்து போய்யா" என்று கத்தினான். எனக்கும் கையில் கிடைத்ததை எடுத்து அவர் தலையில் போடலாம் என்றுதான் இருந்தது.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. "போன காத்து மழையில படகு நங்கூரக் கயிறு அறுந்துதான் எம் மருமவன் போனான். பஞ்சுக் கயிறு. அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அன்றைக்கு ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் பல நாள் இழையைக் கையில் எடுப்பேன், வைப்பேன். அவர் மருமகனுக்கும் பெண்டாட்டி இருந்திருப்பாளே என்று ஒரு காலையில் தோன்றியது. அன்று உட்கார்ந்து திரித்தேன், அழுதுகொண்டேதான் திரித்தேன். கயிறு ரெடி, வந்து எடுத்துப் போகலாம் என்று பெரியவருக்குக் கன்னியப்பனிடமே சொல்லி அனுப்பினேன்.

முதல் வீச்சு வழக்கத்தை அதோடு நிறுத்திவிட்டோம். சொந்த மிஷின் வந்தது. கயிற்றோடு மிதவை, ஈயக்குண்டு, நங்கூரம் எல்லாம் விற்றோம். எண்பதுகளில் கடற்கரையிலேயே கடை போட்டு, இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் வரைக்கும் வைத்தோம். புருஷன் போயும் எப்படி நிமிர்ந்துவிட்டாள் பார் என்று ஆரணியில் பேசினார்கள். எதை வைத்து நிமிர்ந்தேன் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற பேரப்பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கயிறு வாங்க வருகிறவர்கள் அறுந்துபோகாது இல்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். அறாது என்று சொல்லுங்கள், அது உண்மை. கூடவே, கையில் கட்டாதீர்கள் என்றும் சொல்லுங்கள். கடல்காரனுக்கே சொல்கிறாயா என்று சிரிப்பார்கள், சிரித்தாலும் சொல்லுங்கள். இந்த ரெண்டாவதை நான் ஒரு ஆளுக்கும் சொல்லாமல் விட்டதில்லை. முதலாவதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் வாயால் சொல்ல முடிந்ததில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் சொல்லச் சொல்வேன்.