மெட்ராஸ் ஐ இல்லை

நான் இப்போது வேலை செய்கிற ஓசூர் தொழிற்சாலையில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். என் அம்மாவை, கண்ணாடி போட்டதற்காக வேலைக்கு ஏற்றாமல் விட்டார்கள். நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் வயிறு எரிகிறது.

ஜவளகிரிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா இறந்தபின் அம்மா சாமந்தித் தோட்டங்களுக்குப் போய்க் கொண்டுவரும் கூலிதான் எங்களுக்குச் சோறு. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அவள் வலது கண்ணில் மூக்கோரத்திலிருந்து சதை வளர ஆரம்பித்தது. கண் எந்நேரமும் சிவந்து, மண் விழுந்தாற்போல உறுத்தும். எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு நான்தான் இழுத்துப் போனேன். வெயிலும் தூசியும் படப்படச் சதை வளர்ந்து கண்ணுப் பாப்பாவை மூடிவிடும் என்று சொல்லி, டாக்டர் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். வெளியே போனால் கழற்றவே கூடாதாம். அதைப் போட்டதும் அம்மா எனக்குச் சினிமாக்காரி மாதிரி தெரிந்தாள்.

மறுநாள் காலை கூட்ரோட்டில் நான் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கூலியாட்களை ஏற்ற வந்த டெம்போவில் அம்மா காலை வைத்ததும் மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

“மெட்ராஸ் ஐ வந்திருக்குதா? எறங்கும்மா. எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சின்னா பூப் பறிக்க ஆளுக்கு நான் எங்க போவேன்?”

எங்கள் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்கு வேறு அர்த்தமே கிடையாது.

“ஐயோ, இது சதைண்ணா. வெயிலுக்குப் போடச் சொல்லி டாக்டர் குடுத்தாரு. வேணும்னா பாருங்க” என்று அம்மா கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். டெம்போ முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயம். “பேடா அக்கா, பேடா” என்று, காட்ட வேண்டாமென்று கன்னடத்தில் கெஞ்சினாள் பக்கத்து வீட்டுக்காரி. அத்தனை நாள் சேர்ந்து களை எடுத்தபோது அந்தச் சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை. வெயிலில் வேலை செய்கிற எல்லோருக்கும் கண் சிவப்புதானே.

அடுத்த நாளும் ஏற்றவில்லை. அதற்கடுத்த நாள் அம்மா வெறும் கண்ணோடு வந்தாள். அதே சிவப்பு, அதே நீர்.

“சரியாயிடுச்சா? வூட்ல இருந்தா போயிடும்னு எனக்குத் தெரியும். ஏறு” என்றார் மேஸ்திரி.

“சரியாயிடுச்சுண்ணா” என்று அம்மா ஏறினாள். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அந்தக் கண்ணில் இன்று அவளுக்கு நிழலாட்டம்தான் தெரிகிறது. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. மேஸ்திரி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அந்தப் பெண்கள் மேலும்தான்.

அன்றைக்கோ எனக்கு ஒரே சந்தோஷம். சரியாகிவிட்டது என்று அம்மாவே தன் வாயால் சொன்னாளே! பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் டீச்சரிடம் ஓடி, எங்கம்மாவுக்குக் கண் குணமாகிவிட்டது, இனிமேல் கண்ணாடியே வேண்டாம் என்று சொன்னேன். டீச்சர் வகுப்பைக் கைதட்டச் சொன்னார்.