பூமயில் அணைத்த சூடம்

நான் வேல்சாமி, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். ராமநாதபுரத்துக்கு மேற்கே, வண்டி ஒரு நிமிஷம் நின்று போகிற சின்ன ஸ்டேஷனில் கொடி காட்டுவது என் வேலை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பது என் வேலை இல்லை. ஆனால் 1957-ல் எங்கள் ஊர்க்கூட்டம் அந்த வேலையையும் என் தலையில் கட்டியது. பெரிய மனிதன் ஆகிவிட்ட நினைப்பில் நானும் சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

ஒட்டுக் கேட்க வேண்டியது பூமயிலின் பேச்சை. எங்கள் ஊர்ப் பூமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மிளகாய்க் கொல்லையில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்ப்பாள். மகள் ராக்குவுக்கு மூன்று வயசானபோது பூமிநாதன் சோலையம்மாள் என்பவளை இரண்டாவதாக வீட்டுக்குக் கூட்டிவந்தான். பூமயில் சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "என்னையத் தீத்து விட்ருங்க" என்று மட்டும் கூட்டத்தில் கேட்டாள். தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, துரும்பைக் கிள்ளிப் போட்டு, புருஷன் பெண்டாட்டி உறவைத் தீர்த்து விட்டார்கள். பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான் என்பது வழக்கம். அவள் இடுப்பிலிருந்து ராக்குவைப் பிடுங்கித்தான் எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த வீட்டில் அண்ணன் பெண்டாட்டியோடு ஒட்டவில்லை. ரயிலேறித் தங்கச்சிமடம் போய்க் கருவாடு காயப்போடும் வேலையில் சேர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து அங்கே விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்தவளைப் பக்கத்துக் குடிசை வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவப் பெண்கள், கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அவளும் வேதத்தில் சேர்ந்தாள். கஞ்சிக்காகச் சேர்ந்தாள் என்று ஊர் பேசியது. வெட்கம் இல்லாமல் நானும் ஒருநாள் அதையே அவளிடம் கேட்டேன்.

"கஞ்சி குடிச்சது நாப்பது நாளுதாண்ணே. மாதா முன்னால ஒக்காந்து அழுதா எனக்கு மூச்சு முட்டல. வேற எங்கன அழுதாலும் முட்டுச்சு" என்றாள்.

செய்தி ஊருக்கு வந்ததும் பூமிநாதன் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்றுவிட்டான். ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டாள். இந்து மதத்தை விட்டவள் இந்துப் பிள்ளைக்குக் கார்டியன் ஆக முடியாது, புதுச் சட்டமே வந்தாச்சு என்று அவர் அனுப்பிவிட்டார். கடைசியில் எங்கள் ஊர்த் தலைவர் அம்பலத்தின் காலில் வந்து விழுந்தாள். அம்பலம் ஒரு வழி சொன்னார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குள் வராமல், ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் பிள்ளையைப் பார்க்கலாம். காலை வண்டியில் வந்து மத்தியான வண்டியில் போய்விட வேண்டும். மாதா, சேசு, ஜெபம், சிலுவை எதுவும் வாயில் வரக்கூடாது, வந்தால் அன்றோடு சரி. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ள நான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருப்பதே அவளுக்குப் பாவம். அதை அம்பலம் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதாமாதம் பூசையை விட்டுவிட்டு வந்தாள். திரும்பிப் போய் அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாள், மறுமாதம் மறுபடி வருவாள்.

வரும்போது அவித்த பனங்கிழங்கு கொண்டுவருவாள். மகளுக்கு எண்ணெய் தேய்த்து, ஈர் உருவி, சடை போட்டுவிடுவாள். பாம்பன் பாலம் கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கிற கதையைச் சொல்லுவாள். சாமிப் பேச்சு மட்டும் கிடையாது. கிழங்கைப் பிட்டு வாயில் வைக்கப் போகும்போது பழக்கதோஷத்தில் அவள் வலது கை சிலுவை போட நெற்றிக்குப் போய்விடும். உடனே வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொள்வாள். சிலநாள் அந்தக் கை நெற்றியிலிருந்து நெஞ்சு, தோள் வரைக்கும் வந்துவிடும். அப்போது என்னைப் பார்ப்பாள். நான் தண்டவாளத்தைப் பார்ப்பேன். ராக்கு அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆத்தா, ஒஞ்சாமி எது?" என்று பிள்ளை ஒருநாள் கேட்டாள்.

"ஒங்க அய்யா கும்புடுற சாமிய நீ நல்லாக் கும்புடு."

"அது இல்ல. ஒஞ்சாமி எதுன்னு கேக்குறேன்."

பூமயில் சடையைப் பிரித்து மறுபடி பின்னினாள். பெற்ற பிள்ளை கேட்கிறது, தாய்க்கு வாய் இருக்கிறது, பேசக்கூடாது என்று காவலுக்கு நான். அன்றைக்கு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதிலிருந்து சரக்கு வண்டிக்குக் கொடி காட்டப் போனால் உடனே திரும்ப மாட்டேன். விளக்கறையில் எதையாவது உருட்டிக்கொண்டு கால் மணி நேரம் கழித்துத்தான் வருவேன். எதுவும் பேசிக்கொள்ளட்டும் என்றுதான். அந்த நேரத்திலும் அவள் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுவருஷம் மாசிக் களரி வந்தது. எங்கள் ஊர்க் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிற திருவிழா. பந்தியில் ராக்குவுக்கு இலை போட்டுச் சோறு வைத்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் அவள் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று கையால் தொட்டுக்கொண்டாள், ஊரே பார்க்க. பூமிநாதன் சோற்றை இலையோடு தூக்கி எறிந்து பிள்ளையை அடித்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று எத்தனை பேர் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை பூமயில் வண்டியைவிட்டு இறங்கும்போது நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கோயிலுக்கு வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று அம்பலம் சொல்லியிருந்தார். அவள் கிழங்குப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்லிக் குடுக்கலண்ணே. ஆனா வேற சாமி முன்னால சத்தியம் பண்ணுனா சாவான பாவம்னு எங்க சாமியாரு சொல்லியிருக்காரு. நரகந்தான்."

"அப்ப வர வேணாம். இப்பிடியே மத்தியான வண்டியில திரும்பிப் போயிரு."

"போனா எம் மகள அப்பறம் எங்கன பாக்க?" என்று எழுந்தாள். கொடியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

கருப்பசாமிக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. பூசாரி சூடம் ஏற்றினார். அம்பலம் முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"வேல்சாமி, நீ பக்கத்துலதான இருந்த. அவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலன்னு சூடத்த அணைச்சிட்டுப் போ. பிரச்சனை முடிஞ்சிரும்."

எனக்குக் கை வரவில்லை. விளக்கறையில் உருட்டின கால் மணி நேரங்கள் நினைவுக்கு வந்தன. அவள் பேசவில்லை என்று தெரியும், ஆனால் என் காதால் கேட்டேன் என்று கருப்பனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "வண்டி வந்தா நான் போயிருவேனே" என்று முனகினேன். கூட்டம் சலசலத்தது. இரக்கப்பட்டுச் செய்த ஒரே காரியத்தால் அவளை நானே கவிழ்த்தேன்.

"அப்ப நீயே அணை, பூமயிலு" என்றார் அம்பலம்.

அவள் முந்தானைக்குள் கையை விட்டு, கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை ஒரு தடவை பிடித்து விட்டாள். பிறகு முன்னால் போய், "நான் சொல்லிக் குடுக்கல, கருப்பசாமி சத்தியம்" என்று உள்ளங்கையால் சூடத்தை அழுத்தி அணைத்தாள். நரகத்துக்குப் போக முடிவு செய்துதான் அவள் அணைத்தாள் என்று எனக்கு மட்டும் தெரியும். எனக்கு அழுகை வந்தது.

அம்பலம் மனம் இளகிவிட்டார். "சரித்தா. பழையபடி மாசம் ஒருக்கா வந்து பாத்துக்க" என்றார்.

அப்போதுதான் ராக்கு பூமிநாதன் கையை உதறிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ஆத்தாதான் சொல்லிக் குடுத்துச்சு. நானும் வேதக்காரிதான்" என்றாள்.

பூமிநாதன், "எட்டு வயசுப் பிள்ள பொய் சொல்லுமா? வேணும்னா அதையும் சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றான். பூசாரி இன்னொரு சூடத்தை ஏற்றினார். ராக்கு கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

பூமயில் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைய விடுங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். பொய்ச் சத்தியம் பண்ணுனது நானு" என்றாள்.

பெண்கள் காறித் துப்பினார்கள். இனிமேல் ஸ்டேஷனில்கூடக் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ராக்கு சிரித்த முகத்தோடு வீட்டைப் பார்த்து ஓடினாள். ஏன் ஓடுகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பூமயிலிடம் கேட்டேன். "செய்யாததச் செஞ்சேன்னு ஏன் சொன்ன?"

"எனக்குக் கருப்பன் பயம் விட்டுப் போச்சுண்ணே. பிள்ளைக்கு இருக்குல்ல. பொய்யாச் சூடத்த அணைச்சிட்டு, நாளைக்கு ஒரு காச்சல் வந்தாலும் கருப்பன் அடிச்சிட்டான்னு பயந்தே செத்துப்போகும்."

"பிள்ள ஏன் அப்பிடிச் சொல்லுச்சு?"

"அதாண்ணே தெரியல. எம்மேல என்ன கோவமோ" என்றாள். அந்த நினைப்போடுதான் வண்டி ஏறினாள். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ராக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. இரண்டு பாவாடையும் ஒரு சட்டையும் பிதுங்கிக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியைப் பார்த்தாள், தண்டவாளத்தைப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, வேதக்காரின்னுதான ஆத்தாளத் தொரத்துனாங்க. நானும் வேதக்காரின்னு சொல்லிட்டேன்ல. என்னைய மட்டும் ஏன் தொரத்த மாட்டேங்குறாங்க?"